முன்னால் போனால் துணிச்சல், பின்னால் வந்தால் பயமா? எம்.எம்.ஏ. சண்டை வியூகம், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

ஒரு எம்.எம்.ஏ. சண்டை முடிந்ததும் நடக்கும் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? முன்னால் நடந்துகொண்டே இருந்தவர் ஜெயித்தால் "என்ன தைரியம்!" தோற்றால் "அவசரப்பட்டுட்டான்." பின்னால் நகர்ந்தவர் ஜெயித்தால் "என்ன மூளை!" தோற்றால் "பயந்துட்டான்." முடிவு தெரிந்த பிறகு ஒட்டப்படும் இந்த லேபிள்களால் சண்டைக்குள் என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியவராது.

2015 டிசம்பர் 12, யு.எஃப்.சி. 194. (யு.எஃப்.சி. என்பது எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் பெரிய அமெரிக்க அமைப்பு, பக்கத்தில் உள்ளது நிகழ்ச்சியின் எண்.) பத்து ஆண்டுகளாகத் தோல்வியே காணாத சாம்பியன் ஜோசே ஆல்டோவுக்கு எதிரே கானர் மெக்ரெகர். சண்டைக்கு முந்தைய மாதங்கள் முழுக்க வாயால் தாக்கிக்கொண்டே இருந்தவர் மெக்ரெகர். ஆல்டோவோ நிதானக்காரர் என்று பெயர் எடுத்தவர். சண்டை தொடங்கியதும் பாய்ந்து வந்தவர் ஆல்டோ. மெக்ரெகர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தபடியே ஒரு இடது கைக் குத்தை விட்டார். ஆல்டோ சாய்ந்தார். மொத்தம் 13 விநாடி.

இதில் ஆக்ரோஷமாக ஆடியவர் யார், நிதானமாக ஆடியவர் யார்? முன்னால் வந்தவர் விழுந்தார், பின்னால் போனவர் நாக்அவுட் செய்தார். "முன்னால் என்றால் ஆக்ரோஷம், பின்னால் என்றால் நிதானம்" என்ற அளவுகோல் 13 விநாடியிலேயே உடைந்துபோகிறது. அதற்குப் பதில் எந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

களத்தைப் பற்றி நாலு வரி

எம்.எம்.ஏ. என்பது கலப்புத் தற்காப்புக் கலை. நின்றபடி குத்தலாம், உதைக்கலாம், முழங்கையும் முழங்காலும் பயன்படுத்தலாம், கட்டிப்பிடித்துத் தரையில் தள்ளலாம், தரையிலும் சண்டையைத் தொடரலாம். வழக்கமாக 5 நிமிட ரவுண்டுகள் மூன்று. சாம்பியன் பட்டச் சண்டை என்றால் ஐந்து ரவுண்டு.

ஜெயிக்க முக்கியமான வழிகள் மூன்று. எதிராளி நினைவிழந்தாலோ, இனித் தற்காத்துக்கொள்ள முடியாது என்று நடுவர் நிறுத்தினாலோ அது நாக்அவுட் வகை வெற்றி. கழுத்தை நெரித்தோ மூட்டை முறுக்கியோ எதிராளியைத் தட்டிச் சரணடைய வைப்பது சப்மிஷன். இரண்டும் நடக்காமல் நேரம் முடிந்தால், களத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மூன்று ஜட்ஜுகளின் மதிப்பெண்ணை வைத்து முடிவு. அதற்கு டிசிஷன் என்று பெயர். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதை வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

லாரியை முந்துவது

இருவழிச் சாலையில் உங்களுக்கு முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஓவர்டேக் செய்ய வேண்டுமானால் எதிரே வரும் வண்டிகளின் பாதைக்குள் சில விநாடி போய்த்தான் திரும்ப வேண்டும். அந்தச் சில விநாடிதான் ஆபத்து. லாரியின் பின்னாலேயே போனால் ஆபத்து குறைவு, ஆனால் போய்ச் சேர நேரமாகும்.

எப்போது முந்துவது என்று முடிவெடுக்க மூன்று விஷயம் பார்ப்போம். எதிரே சாலை காலியாக இருக்கிறதா, நம் வண்டியில் அந்த நேரத்துக்கு வேண்டிய இழுவை இருக்கிறதா, நமக்கு எவ்வளவு அவசரம். யாரும் "நான் துணிச்சல்காரன், அதனால் முந்துகிறேன்" என்று முந்துவதில்லை. அப்படி முந்துகிறவர் வண்டியில் ஏறாமல் இருப்பது நல்லது.

எம்.எம்.ஏ.வில் எதிர்ப்பாதை என்பது எதிராளியின் கைக்கும் காலுக்கும் எட்டும் தூரம். அடிக்க வேண்டுமானால் அதற்குள் போயாக வேண்டும். காலிச் சாலை என்பது எதிராளியின் தற்காப்பில் தெரியும் இடைவெளி, இழுவை என்பது மூச்சு, அவசரம் என்பது மதிப்பெண். ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே எதிரே வரும் வண்டி உங்கள்மேல் மோதத்தான் வருகிறது.

ஒரே ஒரு குத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்

வலது கையால் ஒரு நேர்க்குத்து விடுகிறார் ஒருவர். அதற்கு முந்தைய கணம் வரை அந்தக் கை தாடையை ஒட்டி நிற்கிறது, முகத்தின் வலது பக்கத்துக்கு அதுதான் கதவு. குத்து கிளம்பியதும் கதவு திறக்கிறது. பின்னங்கால் தரையைத் தள்ள, இடுப்பு சுழல, உடம்பின் எடை முன்னங்காலுக்கு மாறுகிறது. எடை முன்னங்காலில் இறங்கிய அந்தக் கணத்தில் அவரால் சட்டென்று பின்வாங்க முடியாது. காலை எடுக்க வேண்டுமென்றால் முதலில் எடையை மாற்ற வேண்டும். தலையும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. குத்து பட்டாலும் படாவிட்டாலும் கை திரும்பத் தாடைக்கு வந்து சேர்வதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை அவர் எதிர்ப்பாதையில் இருக்கிறார்.

எவ்வளவு பலமாகக் குத்துகிறாரோ அவ்வளவு எடை முன்னால் போகும், திரும்பி வர அவ்வளவு நேரமாகும். அதனால்தான் நாக்அவுட் செய்யும் குத்துதான் குத்துபவரையும் அதிகம் திறந்து வைக்கிறது. முன் கையால் எடையை மாற்றாமல் சட்டென்று விட்டு எடுக்கும் ஜாப் என்ற குத்தில் பலம் குறைவு, ஆபத்தும் குறைவு.

எதிராளி திறந்திருக்கும் அந்தக் கணத்தில் திருப்பி அடிப்பது கௌன்டர். ஆல்டோவுக்கு நடந்தது இதுதான். கௌன்டர் குத்து ஏன் அப்படி விழத்தட்டுகிறது என்றால், வாங்குபவரின் தலை அதை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. இரண்டு வேகமும் சேர்ந்துகொள்கிறது. போதாததற்கு, அவர் கவனம் முழுக்கத் தன் குத்தின் மேல் இருப்பதால் வருவதை எதிர்பார்த்துக் கழுத்தை இறுக்கிக்கொள்ளவும் முடியாது.

கண் பார்த்து உடம்பு அசைய மனிதர்களுக்குச் சுமார் 0.2 விநாடியாவது ஆகும். பக்கத்தில் நிற்பவரிடமிருந்து வரும் வேகமான குத்து அதற்குள் வந்துவிடும். ஆகவே நல்ல கௌன்டர் ஆட்டக்காரர் குத்தைப் பார்த்து அடிப்பதில்லை, அதற்கு முன்னால் வரும் அறிகுறியைப் பார்த்து அடிக்கிறார்: தோள் அசைவது, முன்னங்கால் பாதம் திரும்புவது, மூச்சை இழுப்பது. தூரத்தைக் கொஞ்சம் கூட்டி நிற்பதும் இதற்காகத்தான். குத்து வந்து சேர வேண்டிய வழி நீண்டால் யோசிக்க நேரம் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இது "தள்ளித் தள்ளிப் போகிறான்" என்று தெரியும்.

தாக்குபவரிடமும் இதற்கு மருந்து இருக்கிறது. குத்தப் போவதுபோலத் தோளை அசைத்துவிட்டுக் குத்தாமல் விடுவது ஃபெயின்ட். ஏமாற்று அசைவு. எதிராளி அதற்கு எப்படி அசைகிறார் என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை அவர் அசையும் இடத்தில் நிஜ அடியை வைக்கலாம். முதல் ரவுண்டில் இருவரும் ஒன்றும் செய்யாமல் ஆடிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும்போது பெரும்பாலும் இந்த விசாரணைதான் நடக்கிறது.

*இதுவரை:* அடிக்க வேண்டுமானால் அடிபடும் தூரத்துக்குள் போக வேண்டும். போகிற கணத்தில் தாக்குபவர் திறந்திருக்கிறார். ஆக்ரோஷம் என்றால் இந்தத் திறந்த கணங்களை நிறையச் செலவழிக்கத் தயாராக இருப்பது. நிதானம் என்றால் எண்ணிச் செலவழிப்பது.

அழுத்தம் வேறு, ஆபத்து வேறு

குழப்பத்தின் வேர் இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு வீரர் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறார் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு ஆபத்தை ஏற்கிறார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

கபீப் நுர்மகமதோவ் 29 சண்டைகளில் 29 வெற்றியோடு ஓய்வு பெற்றவர். முன்னால் நடந்தே எதிராளியைக் களத்தைச் சுற்றியிருக்கும் கூண்டின் வேலிவரை ஓட்டிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அது அசுர ஆக்ரோஷம். ஆனால் வேலியில் சாய்ந்துவிட்ட எதிராளிக்குப் பின்னால் நகர இடம் இல்லை, பலமாகக் குத்த எடையை மாற்றவும் இடம் இல்லை. அங்கே இடுப்பையோ காலையோ பிடித்துத் தரையில் தள்ளுவார். இதற்கு டேக்டவுன் என்று பெயர். தரையில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைவிட எளிதாக அடிக்கலாம், கீழே இருப்பவர் திருப்பி அடிப்பது கடினம். இடத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டு ஆபத்தை ஒவ்வொரு படியிலும் குறைத்துக்கொண்டே போகும் ஆட்டம் இது. அழுத்தம் உச்சம், ஆபத்து குறைவு.

அதற்காக டேக்டவுன் எப்போதும் பத்திரமானது என்று நினைத்துவிடக் கூடாது. 2019 ஜூலை 6, யு.எஃப்.சி. 239. மல்யுத்தத்தில் பெரிய ஆளான பென் ஆஸ்க்ரன் ஆரம்பித்த உடனேயே காலைப் பிடிக்கக் குனிந்தார். ஓடிவந்த ஹோர்ஹே மாஸ்விடால் தாவி முழங்காலால் முகத்தில் அடித்தார். 5 விநாடியில் சண்டை முடிந்தது. தூரத்தையும் நேரத்தையும் அளக்காமல் உள்ளே போனால், குத்தப் போனாலும் சரி, கட்டிப்பிடிக்கப் போனாலும் சரி, விலை ஒன்றுதான்.

எதிர்மறை உதாரணமும் உண்டு. ஒருவர் பின்னாலேயே நகர்கிறார், ஆனால் நகரும்போதெல்லாம் எதிராளியைத் தன் பலமான கைக்கு நேராக இழுத்து வருகிறார் என்றால், அந்தப் பின்வாங்கல் ஒரு பொறி.

இரண்டு பேரும் காத்திருந்தால்?

கௌன்டர் ஆட்டத்துக்கு ஒரு பலவீனம்: அதற்கு ஒரு தாக்குபவர் வேண்டும். இருவருமே "நீ முதலில் வா" என்று நின்றால் சண்டை நடக்காது. 2020 மார்ச்சில் யு.எஃப்.சி. 248-ல் இஸ்ரேல் அடெசான்யாவும் யோவெல் ரொமேரோவும் மோதிய பட்டச் சண்டை அப்படித்தான் போனது. அடெசான்யா கௌன்டரில் தேர்ந்தவர், ரொமேரோ அசையாமல் நின்று திடீரென்று வெடிப்பவர். முதலில் உள்ளே போகிறவருக்குத்தான் நஷ்டம் என்று இருவருக்குமே தெரியும். கூட்டம் கத்தித் தீர்த்தது. ஐந்து ரவுண்டு முடிந்து அடெசான்யா டிசிஷனில் ஜெயித்தார்.

கூட்டத்தின் கோபம் நியாயம்தான், காசு கொடுத்து வந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தச் சண்டை சலிப்பாக இருந்ததற்குக் காரணம் பயம் மட்டும் என்று சொல்வது சோம்பேறித்தனமான விளக்கம். எதிராளியை ஒழுங்காகப் படித்த இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் இப்படியும் ஆகும்.

மதிப்பெண் அட்டை என்ற கடிகாரம்

அவசரம் எவ்வளவு என்று சொல்வது மதிப்பெண். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் பொது விதிகளின்படி, ஒவ்வொரு ரவுண்டுக்கும் அதை வென்றவருக்கு 10, மற்றவருக்கு வழக்கமாக 9. ஒரேயடியாக ஆதிக்கம் செலுத்தினால் 10-8. கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள்.

"அவன்தானே முன்னால் போனான், ரவுண்டு அவனுக்குத்தானே?" என்ற வாதம் அடிக்கடி வரும். விதி அப்படிச் சொல்வதில்லை. முதலில் பார்க்க வேண்டியது யாருடைய அடியும் மல்யுத்தமும் அதிகம் பலித்தது என்பதைத்தான். அதில் இருவரும் சரிசமம் என்றால்தான் பலன் தரும் ஆக்ரோஷத்தைப் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால்தான் களத்தை யார் கட்டுப்படுத்தினார் என்ற கேள்வி. முன்னால் நடந்து நடந்து முகத்தில் வாங்கிக்கொண்டே இருந்தவருக்கு அந்த நடைக்கு மதிப்பெண் கிடையாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று ரவுண்டு சண்டையில் முதல் இரண்டையும் ஒருவர் 10-9 என்று எடுத்துவிட்டார். மூன்றாவதில் 10-9 என்று தோற்றாலும் 29-28 என்று அவரே வெற்றியாளர். 10-8 என்று தோற்றால்கூட 28-28, சமன். அவரை வீழ்த்த எதிராளிக்கு இருக்கும் ஏறக்குறைய ஒரே வழி நாக்அவுட் அல்லது சப்மிஷன். அப்படியிருக்க அவர் ஏன் எதிர்ப்பாதைக்குள் போக வேண்டும்? மூன்றாவது ரவுண்டில் அவர் தள்ளியே நிற்பது கணக்குத் தெரிந்தவர் செய்கிற வேலை. பின்தங்கியவருக்கோ நேர்மாறு. டிசிஷன் வரை போனால் தோல்வி ஏறக்குறைய உறுதி என்பதால், மற்ற நேரத்தில் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் ஆபத்து அவருக்கு இப்போது மலிவாகிவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால் பெரும்பாலான இடங்களில் அட்டையை நடுவில் காட்டமாட்டார்கள். யார் முன்னிலை என்பதை வீரரும் அவர் பயிற்சியாளரும் ஊகிக்கத்தான் வேண்டும். ஊகம் தவறினால் தப்பான ரவுண்டில் நிதானம் காட்டிவிட்டு, முடிவை அறிவிக்கும்போது வாயைப் பிளந்து நிற்பார்கள்.

2022 ஆகஸ்ட் 20, யு.எஃப்.சி. 278. சாம்பியன் கமாரு உஸ்மான் நான்கு ரவுண்டு முடிவில் மூன்று ஜட்ஜுகளின் அட்டையிலும் முன்னிலை. ஐந்தாவது ரவுண்டும் அவர் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற லியான் எட்வர்ட்ஸுக்கு நாக்அவுட் அல்லது சப்மிஷனைத் தவிர ஜெயிக்க வேறு வழியில்லை. அந்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு கைகளை வீசுவார்கள் என்றுதான் எதிர்பார்ப்போம். எட்வர்ட்ஸ் அப்படிச் செய்யவில்லை. கையால் குத்துவதுபோல் காட்டினார். அதைத் தவிர்க்க உஸ்மானின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பக்கம் எட்வர்ட்ஸின் இடது கால் வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது ரவுண்டின் 4:04-ல் நாக்அவுட், மிச்சம் இருந்தது 56 விநாடி. கடைசி நிமிட ஆக்ரோஷம் என்று எல்லோரும் சொல்லும் அந்த உதை, மேலே பார்த்த ஃபெயின்ட்தான்.

*இதுவரை:* முன்னிலையில் இருப்பவருக்கு ஆபத்து விலை அதிகம், பின்தங்கியவருக்கு விலை குறைவு. ஒரே வீரர் ஒரே சண்டையில் நிதானத்திலிருந்து ஆக்ரோஷத்துக்கு மாறுவதற்கு இதுதான் முக்கியக் காரணம், மனநிலை அதற்கு அப்புறம்தான்.

மூச்சு: ஃபிரான்சிஸ் எங்கானுவின் நான்கு சண்டைகள்

வண்டியில் இழுவை இருக்கிறதா என்ற கேள்வியை விளக்க எனக்குத் தெரிந்து எங்கானுவைவிட நல்ல உதாரணம் இல்லை. ஹெவிவெயிட் எடைப் பிரிவில், ஒரே குத்தில் யாரையும் சாய்க்கக்கூடியவர் என்று பெயர் பெற்றவர்.

2018 ஜனவரி, யு.எஃப்.சி. 220. சாம்பியன் ஸ்டீபே மியோசிச்சோடு சண்டை. முதல் ரவுண்டிலேயே முடித்துவிடும் வேகத்தில் எங்கானு பெரிய பெரிய குத்துகளாக வீசினார். மியோசிச் தலையை விலக்கினார், சிலதை வாங்கிக்கொண்டார், நடுவில் கட்டிப்பிடித்துத் தரையில் தள்ளினார். வெடிப்பு வேகத்தில் உடம்பு பயன்படுத்தும் சக்தி சில விநாடிக்குத்தான் கையிருப்பு இருக்கும், திரும்ப நிரம்ப ஓய்வு வேண்டும். ஓய்வு கிடைக்காமல் 120 கிலோவுக்குப் பக்கமான உடம்பைத் தரையிலிருந்து திரும்பத் திரும்ப எழுப்பினால் கை கனத்துவிடும், தற்காப்புக் கை தாடையைவிட்டு இறங்கும். இரண்டாவது ரவுண்டில் எங்கானு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஐந்து ரவுண்டும் தாக்குப்பிடித்தார், ஆனால் மூன்று ஜட்ஜுகளும் 50-44 என்று மியோசிச்சுக்குக் கொடுத்தார்கள். வீசி வீணான குத்து ஆபத்து மட்டும் கொடுப்பதில்லை, மூச்சையும் எடுத்துக்கொண்டு போகிறது.

அதே ஆண்டு ஜூலை, யு.எஃப்.சி. 226. எதிரே டெரிக் லூயிஸ், அவரும் ஒரே குத்தில் முடிப்பவர். இந்த முறை எங்கானு ஊசல் போல மறு ஓரத்துக்குப் போய்விட்டார். 15 நிமிடத்தில் இருவரும் சேர்ந்து அடித்த குறிப்பிடத்தக்க அடிகள் 31: லூயிஸ் 20, எங்கானு 11. லூயிஸ் டிசிஷனில் ஜெயித்தார். முந்தைய சண்டையின் பயத்தை இந்தச் சண்டைக்குள் சுமந்து வந்துவிட்டதாக எங்கானுவே பின்னர் ஒப்புக்கொண்டார். நிதானம் என்ற பெயரில் செயலற்று நிற்பது என்றால் என்ன என்று யாருக்காவது காட்ட வேண்டுமானால் இந்தச் சண்டையைப் போட்டுக் காட்டலாம். நிதானக்காரர் வாய்ப்பு வரும்வரை காத்திருப்பார். இங்கே வாய்ப்பு வந்தபோதும் கை எழவில்லை.

2021 மார்ச் 27, யு.எஃப்.சி. 260. மறுபடி மியோசிச். முதல் ரவுண்டில் எங்கானு ஓடவில்லை, ஒதுங்கவுமில்லை. ஜாப் விட்டார், உதைத்தார், டேக்டவுன் முயற்சியைத் தடுத்து மேலிருந்து அடித்தார். இரண்டாவது ரவுண்டில் மியோசிச் அடிக்க முன்னேறி வந்த ஒரு கணத்தில் இடது கை இறங்கியது. ரவுண்டு தொடங்கி 52 விநாடியில் சண்டை முடிந்தது. 2018-ல் வீசிய அதே பலம்தான் இதிலும் இருந்தது. இந்த முறை அதைச் சாலை காலியாக இருந்தபோது செலவழித்தார்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2022 ஜனவரி, யு.எஃப்.சி. 270, சிரில் கான். நகர்ந்து நகர்ந்து தூரத்திலிருந்து அடிப்பவர். காயம்பட்ட முழங்காலோடு வந்த எங்கானு முதல் இரண்டு ரவுண்டிலும் பின்தங்கினார். குத்த எட்டவில்லை. உடனே ஆட்டத்தை மாற்றினார்: உலகத்தின் மிகப் பயங்கரக் குத்துக்காரர் டேக்டவுன் செய்ய ஆரம்பித்தார். மிச்ச ரவுண்டுகளில் கானைத் தரையில் பிடித்து வைத்து டிசிஷனில் ஜெயித்தார். இது ஆக்ரோஷமா, நிதானமா? பின்தங்கியதால் முன்னால் போனார், ஆனால் தன்னிடம் இருந்த வழிகளிலேயே ஆபத்து குறைந்த வழியில் போனார். இந்தச் சண்டைக்கு ஒற்றை லேபிள் ஒட்ட முடியாது.

பணமும் விதியும்

ஒருவர் ஏன் பத்திரமாக ஆடுகிறார் என்று கேட்பவர்கள் சம்பளச் சீட்டைப் பார்ப்பதில்லை. பல ஒப்பந்தங்களில் சண்டையில் இறங்கினால் ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை. ஒருவருக்கு 12,000 டாலரும் ஜெயித்தால் மேலும் 12,000 டாலரும் என்று வைத்துக்கொள்வோம். தோல்வி என்றால் வருமானம் பாதி. முன்னிலையில் இருக்கும்போது வீரம் காட்டச் சொல்வது அவர் வீட்டு வாடகையைப் பணயம் வைக்கச் சொல்வதுதான்.

மறுபக்கம், விறுவிறுப்பான சண்டைக்கும், நாக்அவுட்டிலோ சப்மிஷனிலோ அசத்தலாக முடிப்பதற்கும் தனி போனஸ் உண்டு. யு.எஃப்.சி.யில் அது பல ஆண்டுகள் 50,000 டாலராக இருந்தது. 12,000 வாங்குகிறவருக்கு அது ஆபத்தின் விலையையே மாற்றிவிடும்.

ஜப்பானில் நடந்த ப்ரைட் அமைப்பில் நேர்வழியாகவே கைவைத்தார்கள். செயலற்று இழுத்தடித்தால் மஞ்சள் அட்டை, சம்பளத்தில் 10 சதவீதம் போச்சு. ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பில் ரவுண்டு வாரியாக இல்லாமல் மொத்தச் சண்டையையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். அங்கே "இரண்டு ரவுண்டு எடுத்தாச்சு, மூன்றாவதில் ஓய்வு" என்ற கணக்கே வேலைக்காகாது.

குணமும் மாறும்

இயல்பிலேயே பாய்கிறவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஜஸ்டின் கேய்ச்சி 2017-ல் தோல்வியே இல்லாமல் யு.எஃப்.சி.க்கு வந்தவர். ஒரு குத்து கொடுக்க ஒரு குத்து வாங்கத் தயார் என்ற ஆட்டம். எடி ஆல்வாரெஸும் டஸ்டின் பொரியேயும் அடுத்தடுத்து அவரை வீழ்த்தினார்கள். அப்புறம் வந்த கேய்ச்சி அதே பலத்தோடு, ஆனால் தேர்ந்தெடுத்து அடிப்பவராக இருந்தார். 2020 மே மாதம், தொடர்ந்து 12 சண்டைகளை வென்று வந்திருந்த டோனி ஃபெர்குசனை எதிர்கொண்டபோது அவர் அடித்துவிட்டு அங்கேயே நிற்கவில்லை. அடித்தார், கோணம் மாறினார், மூச்சு வாங்கிக்கொண்டார், மறுபடி அடித்தார். ஐந்தாவது ரவுண்டில் நடுவர் சண்டையை நிறுத்தியபோது ஃபெர்குசனின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. கேய்ச்சியை அதற்குப் பிறகும் "ஆக்ரோஷ வீரர்" என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள்.

அடுத்த சண்டையைப் பார்க்கும்போது

கைகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுக் கால்களைப் பாருங்கள். யாருடைய குதிகால் வேலிப் பக்கம் போகிறது, அது அவராகப் போனதா, துரத்தப்பட்டுப் போனதா என்று தெரிந்துவிடும். யார் அடித்தார் என்பதோடு, அடித்த பிறகு யார் அதே இடத்தில் நின்றார் என்றும் பாருங்கள். ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் மனதுக்குள் 10-9 போட்டு வையுங்கள். அடுத்த ரவுண்டில் ஒருவர் ஏன் மாறினார் என்பது பாதிக்கு மேல் அதிலேயே புரியும்.

எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 13, யு.எஃப்.சி. 300. அதே கேய்ச்சிக்கு எதிரே மேக்ஸ் ஹாலோவே. கடைசி ரவுண்டில் மிச்சம் சுமார் 10 விநாடி. ஹாலோவே மதிப்பெண்ணில் முன்னிலை. பின்னால் நகர்ந்தாலே போதும். அவரோ களத்தின் நடுவைக் கைகாட்டி, இங்கே நின்று அடித்துக்கொள்ளலாம் வா என்றார். கேய்ச்சியும் வந்தார். இருவரும் தற்காப்பைக் கைவிட்டுக் குத்திக்கொள்ள, 4:59-ல், ஒரே ஒரு விநாடி மிச்சமிருக்க, கேய்ச்சி முகங்குப்புற விழுந்தார்.

மேலே போட்ட எந்தக் கணக்கும் இதைச் செய் என்று சொல்லாது. ஆனாலும் என் கணிப்பு, அது வெளியே தெரிந்த அளவு பெரிய சூதாட்டம் இல்லை. முதல் ரவுண்டிலேயே கேய்ச்சியின் மூக்கை உடைத்து, அதன் பிறகு அடுக்கடுக்காக அடித்துச் சேர்த்திருந்தார் ஹாலோவே. எதிரே நிற்பவரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவரைவிட நன்றாக யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றைய இரவுக்கு மட்டும் போனஸை 300,000 டாலராக உயர்த்தியிருந்தார்கள், அவருக்கு இரண்டு போனஸ் கிடைத்தது. அந்தப் பத்து விநாடியில் போனஸ் அவர் நினைவில் இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.